இமெல்டாவின் வலது கால்

ஜோலார்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், லூர்தம்மாளின் மகள் இமெல்டா பெங்களூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த, காலால் பெடலை மிதித்து அடிக்கிற புது பேஸ் டிரம்மைப் பின்கட்டு அறையில் வைத்து முதல் தடவையாக உதைத்த திங்கட்கிழமை மத்தியானம், அந்த நேரத்தில் தெருவில் இருந்த அத்தனை பேருடைய நெஞ்சும் அவளுடைய வலது காலோடு சேர்ந்து அடிக்க ஆரம்பித்தது. முதலில் அதைக் கவனித்தவள் அடுத்த வீட்டுக் கனகவல்லி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இதயத்துக் கதவு ஒன்று சரியாக மூடாமல் போயிருந்தது. அதனால் மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல அவள் நாள் முழுக்கத் தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே இருப்பவள். இரண்டு துடிப்பு துடித்து, ஒன்றை விழுங்கி, அப்புறம் மூன்றை அவசரமாகக் கொட்டுகிற அந்த இதயம் அன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல ஒழுங்காக நடந்தது. அரிசி களைந்த ஈரக்கையோடு அவள் வந்து ஜன்னல் பக்கம் நின்றாள்.

"இமெல்டா, நிறுத்தாத. அப்பிடியே அடிச்சிகினே இரு" என்றாள்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்தத் தெருவில் கூட்ஸ் வண்டி போனால் குடத்துத் தண்ணீர் நடுங்கும், அலமாரிப் பாத்திரம் பேசும், சுவரில் மாட்டிய படம் ஒருபக்கம் சாயும், தூங்குகிற குழந்தை தூக்கத்திலேயே வண்டியின் தாளத்துக்குக் கால் ஆட்டும். எல்லாமே ஏதோ ஒன்றின் அதிர்வுக்கு ஆடிப் பழகிய தெருவில், நெஞ்சு ஒரு டிரம்முக்கு ஆடுவது அடுத்தபடி என்றுதான் தோன்றியது. வீடுகளில் இருந்தவர்கள், சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்கள், வாசலில் துணி உலர்த்தியவர்கள், டிரம் வருகிறதென்று ஷூ கம்பெனிக்கு லீவு போட்டிருந்த லூர்தம்மாள், அந்த வழியாகச் சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்கப் போன வாணியம்பாடி மஸ்தான் என்று அந்த மத்தியானம் அங்கே மூச்சு விட்டவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் ஊரிலிருந்து திரும்பியவர்களுக்கும், பிறகு பிறந்த குழந்தைகளுக்கும் எதுவும் ஆகவில்லை.

இமெல்டா மாதா கோயில் டிரம்ஸில் கற்றவள். பாட்டுக்குழு மாஸ்டர் அவளைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. "நாங்க ரெண்டாவது சரணம் பாடிட்டிருக்கோம், நீ ஆமென்ல போய் நிக்கிறியே" என்பார். பெங்களூரில் மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து ஸ்பீக்கர் கடையில் இருந்த பிரஜ்வல் ஒருநாள் ஹெவி மெட்டல் பாட்டு ஒன்றைப் போட்டான். கிட்டார்கள் இரும்பு அறுக்கிற ரம்பம்போல உறும, பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்த, அடியில் ஒருவன் இரண்டு காலாலும் இரண்டு பெடலை மிதித்து மிதித்து, ஓடுகிற ரயிலுக்கு முன்னால் ஓடுகிறவன்போல அடித்துக்கொண்டே போனான். தன்னைவிட அவசரமான ஒருத்தன் உலகத்தில் இருக்கிறான் என்று இமெல்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருஷத்தில் பிரஜ்வலும் அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 'துரு' என்று ஒரு பேண்டு ஆரம்பித்தார்கள். துருவின் டிரம்மர் ஒரு பெண் என்பதைப் பார்க்க வந்தவர்கள், அவளுடைய கால்களைப் பார்த்துவிட்டு, அவள் பெண் என்பதை மறந்துபோனார்கள்.

நெஞ்சும் காலும் சேர்ந்த அந்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் ஒரு ஹாலில் துரு வாசித்தது. இமெல்டா எப்போதும்போல இரண்டு காலாலும் பறந்தாள். அதே நேரம் தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தோடு மண்ணில் உட்கார்ந்தார்கள், டீக்கடையில் கிளாஸ்கள் கை நழுவி உடைந்தன, ஆம்பூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற லூர்தம்மாள் துரத்தப்பட்ட ஆடு ஒன்று தன் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டதென்று நினைத்தாள், வாணியம்பாடி ரோட்டில் மஸ்தான் சைக்கிளோடு சாய, நீலமும் பச்சையுமாகக் குடங்கள் லாரிகளுக்கு நடுவே உருண்டன. கனகவல்லி அடுப்படியில் விழுந்து கிடந்தாள். அவளுடைய புருஷன் ஏகாம்பரம், தண்டவாளத்தில் வேலை செய்கிற டிராக்மேன், அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இமெல்டா போனை எடுத்தாள்.

"என்னடி பண்ற அங்க?" லூர்தம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"அடிச்சிட்டிருக்கேம்மா."

"நீ அங்க அடிக்கிறதுதான்டி இங்க அடிக்குது. கனகவல்லிய வேலூருக்கு வண்டியில ஏத்திட்டாங்க. அவ ஒதடெல்லாம் நீலமா இருக்காம். நிறுத்திடு."

இமெல்டா காலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா மறுபடி பேசினாள். "நிறுத்துனா இன்னும் மோசமா இருக்காம். விட்டு விட்டுத் துடிக்குதாம். ஏகாம்பரம் அழறான். அன்னிக்கு மொதமொத அடிச்சியே, அந்த மாதிரி அடி. மெதுவா. ஒரே மாதிரி."

இமெல்டா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேடையில், கத்திக்கொண்டிருக்கிற கூட்டத்தின் முன்னால், வலது காலால் மட்டும் மெதுவாக அடிக்க ஆரம்பித்தாள். பிரஜ்வல் திரும்பிப் பார்த்து முறைத்தான், பல்லைக் கடித்தான், அப்புறம் வேறு வழியில்லாமல் அந்த வேகத்துக்குக் கிட்டாரை இறக்கினான். வண்டி ஆம்பூரைத் தாண்டியது, மாதனூரைத் தாண்டியது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றது, மறுபடி கிளம்பியது, இமெல்டா கல்யாணப்பெண் மேடைக்கு நடக்கிற நடையில் அடித்துக்கொண்டே இருந்தாள். முதலில் கத்திய கூட்டம் பிறகு முணுமுணுத்தது, பிறகு அமைதியானது, பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். கனகவல்லியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார்கள் என்று அம்மா சொன்ன பிறகுதான் அவள் கால் நின்றது. அந்த அடியில் ஒருத்தி உயிர் பிழைத்தாள் என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. ஆனால் இப்படி ஒரு ஹெவி மெட்டலை வாழ்நாளில் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

அப்படித்தான் துரு மெதுவான பேண்டு ஆனது. இமெல்டாவின் கைகள் மேலே சிம்பல் தட்டுகளிலும் ஸ்னேர் டிரம்மிலும் எவ்வளவு வேகமாகவும் பறக்கலாம், அது யாரையும் ஒன்றும் செய்யாது. கால் மட்டும் நடக்க வேண்டும், ஓடவும் கூடாது, தள்ளாடவும் கூடாது. மேலே புயலும் கீழே நடையுமாக இருந்த அந்த வாசிப்பைக் கேட்க மும்பையிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதினார்கள். பொறுமையின் அரசி என்று ஒருவர் எழுதியதைப் பிரஜ்வல் படித்துக் காட்டியபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தெரு அதைத் தன் வாழ்க்கைக்குள் வைத்துக்கொண்டது. இமெல்டா ஊரில் இருந்தால் தினமும் நாலு மணிக்குக் கனகவல்லிக்காக ஒரு மணி நேரம் அடிப்பாள் என்று ஆனது, அந்த நேரத்தில் தெருவே ஒரு நெஞ்சாக இருந்தது. கிளினிக் டாக்டர் அந்தத் தெருக்காரர்கள் வந்தால் நாடி பார்ப்பதை விட்டுவிட்டு, "இமெல்டா ஊர்லயா இருக்கு?" என்று கேட்டார். நாலு மணிக்கு யாராலும் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. எவ்வளவு கெட்ட வார்த்தை சொன்னாலும் நெஞ்சு அதோடு சேர்ந்து படபடக்காததால், நடுச்சுவருக்காகச் சண்டை போடுகிற இரண்டு அண்ணன் தம்பிகள் தங்கள் சண்டையை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் ஓடிய பெண் ஒருத்தி, துரு கோயம்புத்தூரில் மேடையேறிய நேரம் பார்த்து, பாதி மைதானத்தில் சுருண்டு உட்கார்ந்தாள். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் போன் செய்தார்கள். "நாளைக்குக் கச்சேரி இருக்காக்கா? நான் மிஷின்ல உக்கார்றவ, சொல்லிட்டு அடிங்க." மஸ்தான் மாதம் ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து வந்து, வாசலில் சைக்கிளை நிறுத்தி, "நான் என்னம்மா பாவம் பண்ணேன், குடம் விக்கத்தான வந்தேன்" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வரதப்பன் சாகக் கிடந்தபோது, நாலேகால் மணிக்கு அவருடைய இரண்டு பிள்ளைகளும் வந்து பின்கட்டு அறை வாசலில் நின்றார்கள்.

"காலையிலயே போயிருக்கணும்னு டாக்டர் சொல்றாரும்மா" என்றான் மூத்தவன். "நீ ஆரம்பிச்சதும் திரும்பவும் ஓடுது. அவருக்கு வலிக்குது. எங்கப்பாவ விட்டுடும்மா."

இமெல்டா காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். எடுத்து, தரையில் வைக்கக்கூடத் தோன்றாமல், அப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வரிசையில் ஒப்பாரி எழுந்தது. அந்த வாரம் முழுக்க அவள் டிரம்ஸைத் தொடவில்லை, கனகவல்லியும் கேட்கவில்லை.

இப்படி வருஷங்கள் போயின. பொறுமையின் அரசிக்குள் பொறுமை வரவே இல்லை. மொபைல் கடை கவுன்டருக்கு அடியில் அவளுடைய இரண்டு கால்களும் யாருக்கும் தெரியாமல் ஓடின. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே வருகிற எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடக்கும்போது, அவள் கண்ணில் தண்ணீர் வரும். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் பல நாட்டு பேண்டுகள் கூடுகிற பெரிய விழா ஒன்று வந்தது.

"பெரிய மேடையில சாயங்காலம் வாசிக்கக் கூப்பிடறாங்க" என்றான் பிரஜ்வல். "ஆனா அவங்களுக்குப் பழைய துரு வேணும். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடி இருந்த துரு. முடியாதுன்னா சொல்லிடு இமெல்டா. வேற ஒருத்தன் இருக்கான், நான் பேசி வச்சிருக்கேன்."

"முடியும்" என்றாள் இமெல்டா. யாரையும் கேட்கவில்லை.

விளம்பரம் போனில் தெருவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைத் திண்டில் எல்லோரும் கூடினார்கள். அன்றைக்கு எல்லோரும் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எந்த ஆஸ்பத்திரியில் தெரு முழுக்கப் படுக்க வைப்பார்கள் என்றார் இன்னொருவர். அவளைக் கட்டிக்கொடுத்துத் தூரமாக அனுப்பிவிடலாம் என்று ஒருத்தி சொல்ல, தூரம் போனால் மட்டும் கால் போகாதா என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லூர்தம்மாள் எழுந்து நின்றாள்.

"எம் பொண்ணு சின்ன வயசுலேர்ந்து வேகமாத்தான் அடிச்சா. உங்களுக்காகத்தான் இத்தன வருஷம் காலக் கட்டிகினு இருக்கா. என் நெஞ்சும் அதுலதான மாட்டியிருக்கு? நான் ஒண்ணும் சொல்லலயே?"

"நீ அவ அம்மா. உனக்கு நெஞ்சு நின்னாலும் சந்தோஷமா நிக்கும்" என்றது ஒரு குரல். "எங்களுக்கு அப்பிடியா?"

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, யார் என்று தெரியாமல், தாழ்ந்த குரலில் ஒன்று வந்தது. "அந்தக் கால் இல்லன்னா?" யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அதட்டவும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, வேட்டியையும் சேலையையும் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து ஆரஞ்சு நிறச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏகாம்பரம் பின்கட்டு அறை வாசலில் வந்து நின்றான். தண்டவாளத்தை இறுக்குகிற இரும்புச் சாவிகளை அடிக்கிற நீளக்காம்புச் சுத்தியல் அவன் கையில் இருந்தது. லூர்தம்மாள் கம்பெனிக்குப் போயிருந்தாள். இமெல்டா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கனகவல்லிக்குச் சீர் கொண்டுவந்த மாமனார் வீட்டு வண்டியில் தன்னையும் ஏற்றிச் சர்க்கஸுக்குக் கூட்டிப்போன ஏகாம்பரம் அண்ணன், தனக்கு டிரம் ஸ்டாண்டு வெல்டிங் வைத்துக் கொடுத்த ஏகாம்பரம் அண்ணன். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

"அண்ணா, அங்கயே நில்லுங்க."

"வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்மா" என்றான் அவன். அவனுக்கு அழுகை வந்தது. "ஒரு அடிதான். அப்பறம் நானே உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போறேன். வாழ்நாள் முழுக்க உனக்குச் சோறு போடறேன். அவ இல்லன்னா எனக்கு யாரும் இல்ல இமெல்டா."

அவன் ஒரு எட்டு வைத்தான். இமெல்டா வலது காலைப் பெடல்மேல் வைத்து ஒரு தடவை மிதித்தாள். அவன் நெஞ்சில் யாரோ உள்ளிருந்து தட்டிய மாதிரி இருந்தது, அவன் நின்றான்.

"வராதீங்கண்ணா."

அவன் வந்தான். அவள் அடிக்க ஆரம்பித்தாள். முதலில் நடை. அவன் இன்னொரு எட்டு வைக்க, அவள் நடையைக் கூட்டினாள். அவன் இன்னொன்று வைக்க, அவள் இன்னும் கூட்டினாள். அவன் நெற்றியில் நரம்பு எழுந்தது, கழுத்து துடித்தது, சுத்தியலின் காம்பு வியர்வையில் நழுவியது. வெளியே தெருவில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள், யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், யாரோ "இமெல்டா, இமெல்டா" என்று கூப்பிட்டார்கள். அவன் நின்றால் அவள் குறைத்தாள். அவன் அசைந்தால் அவள் கூட்டினாள். சுவருக்கு அந்தப்பக்கம் தன் பெண்டாட்டி என்ன ஆகிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அழுதுகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பின்வாங்கவும் தெரியாமல், அப்படியே இருந்தார்கள்.

கனகவல்லி சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள். உதடு கறுத்திருந்தது. அவள் புருஷனையோ சுத்தியலையோ பார்க்கவில்லை. நேராக வந்து, டிரம்ஸுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, இமெல்டாவின் வலது காலை இரண்டு கையாலும் பெடலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்திருடி!" என்று கத்தினான் ஏகாம்பரம். "அவ காலப் புடிச்சுக் கெஞ்சறியா?"

"யாரு கெஞ்சுறா? புடிச்சிகினு இருக்கேன், அவ்ளோதான்." அவள் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசினாள். பிறகு மேலே பார்த்தாள். "இமெல்டா. உனக்குக் கோவம் இருக்குல்ல? எத்தன வருஷத்துக் கோவம். இப்ப அடி. இந்தக் கால நான் பாத்துக்கறேன். மீதி எல்லாத்தாலயும் அடி."

இமெல்டாவின் இடது கால் எப்போதும் வலது காலுக்குப் பின்னால் ஓடியதுதான். தனியாக அது எதையும் ஆரம்பித்ததில்லை. அதனால் அது மட்டும் அடித்தால் என்ன ஆகும் என்று அவளும் யோசித்ததில்லை, தெருவும் யோசித்ததில்லை. இடது காலால் ஒரு தடவை மிதித்துவிட்டுக் கனகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். கனகவல்லி தலையசைத்தாள். இன்னும் இரண்டு. கனகவல்லி தலையசைத்தாள். அப்புறம் இமெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலாலும் இரண்டு கையாலும் அடித்தாள், ஸ்டிக் உடைந்து தெறிக்க அடித்தாள், தாளம் தப்பி, கால் சறுக்கி, கோயிலில் முதல்நாள் உட்கார்ந்த சின்னப் பெண்போல அசிங்கமாக அடித்தாள். அறையின் தகரக் கூரை அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் தங்கள் தங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு நெஞ்சும் அதனதன் பயத்துக்குத் துடித்ததே தவிர, அவள் காலுக்குத் துடிக்கவில்லை. ஏகாம்பரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

விழாவுக்கு மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. அதுவரை இமெல்டா இடது காலுக்கு எழுத்தறிவித்தாள். கால் வீங்கியது, நகம் கறுத்தது, பாதியில் பிரஜ்வல் வந்து அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போனான், அவன் பேசி வைத்திருக்கிற ஆளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பெரிய தொல்லை இடது காலில் இல்லை, வலது காலில் இருந்தது. இடது கால் வேகம் எடுத்ததும், அத்தனை வருஷம் முன்னால் ஓடிய வலது கால் சும்மா இருக்க மறுத்தது. வலது பெடலைக் கழற்றி வைத்தால் அது தரையை உதைத்தது, டிரம்மின் ஓரத்தை உதைத்தது, அது பட்டு டிரம் அதிர்ந்தபோதெல்லாம் தெரு ஐயோ என்றது. துப்பட்டாவால் ஸ்டூலில் கட்டினாள், கிழிந்தது. ஏகாம்பரம் கயிறு கொண்டுவந்து கட்டினான், தோல் உரிந்ததே தவிர அடங்கவில்லை. கனகவல்லியின் மடியில் வைத்தால் மட்டும் அது இருந்தது. துள்ளும், இழுக்கும், ஆனால் இருக்கும்.

"அப்ப நானும் வரேன்" என்றாள் கனகவல்லி.

"எங்க?" என்றான் ஏகாம்பரம்.

"எங்கயா? மேடைக்கு."

விழா நாளன்று தெருவில் யாரும் சமைக்கவில்லை. நாலு மணிக்கே வாசலில் பாய் விரித்து, குழந்தைகளை உள்ளே விட்டு, பெரியவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள். கிளினிக் டாக்டர் நாற்காலி போட்டுத் தெருமுனையில் உட்கார்ந்தார். மஸ்தான் வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, குடங்களை இறக்கி வைத்து, "எங்க விழுந்தாலும் இங்க விழறேன், தெரிஞ்ச முகமா இருக்கும்" என்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். லூர்தம்மாள் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில், மேடையின் பக்கவாட்டில், மின்கம்பிகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டை போட்ட ஏகாம்பரம் நின்றான்.

மேடையில் கனகவல்லியை யாரும் பார்க்கவில்லை. அவள் டிரம்ஸுக்குப் பின்னால் பலகையில் சம்மணம் போட்டு, காதில் பஞ்சு வைத்து, இமெல்டாவின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். விளக்குகள் எரிந்தன. பிரஜ்வல் திரும்பி இமெல்டாவைப் பார்த்தான். அவள் ஸ்டிக்கை உயர்த்தினாள்.

சத்தம் கனகவல்லியின் முதுகெலும்பு வழியாக ஏறியது. தலைக்கு மேலே சிம்பல்கள் உடைகிற மாதிரி கேட்டன, அந்தப்பக்கம் இடது கால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போனது, கூட்டம் ஒரே வாயாகக் கத்தியது, மடியில் இருந்த கால் பிடிபட்ட மீன்போல விறைத்தும் வளைந்தும் இழுத்தது. அவள் கணுக்காலை ஒரு கையாலும் பாதத்தை ஒரு கையாலும் அமுக்கி, அதன்மேல் குனிந்து, தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் வியர்வை. மூன்றாவது பாட்டில் பாதம் நழுவியது. நழுவிய கால் ஒரே பாய்ச்சலில் டிரம்மின் ஓரத்தை அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று. கனகவல்லியின் கண் இருண்டது, பக்கவாட்டில் ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டான், ஜோலார்பேட்டையில் பாய்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். இமெல்டாவின் முகம் வெளுத்தது. கைகள் நின்றுவிடப் போயின.

"நிறுத்தாத!" கனகவல்லி அந்தச் சத்தத்தில் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. அவள் இருட்டுக்குள் கை நீட்டி, காலைத் தேடி, முந்தானையால் சுற்றிப் பிடித்து, உடம்பு முழுக்க அதன்மேல் சாய்ந்தாள். "போ. போடி. நீ போ."

இமெல்டா போனாள். கடைசிப் பாட்டில் அவள் தன்னைவிட வேகமாகப் போனாள், பெங்களூரில் முதலில் கேட்ட அந்த ஆளைவிட வேகமாக, பிரஜ்வல் பின்னால் ஓடி வர முடியாமல் சிரித்துக்கொண்டே விரல்களை உதறுகிற வேகத்தில் போனாள். அந்தப் பாட்டின் நடுவில் எங்கேயோ மடியில் இருந்த கால் இழுப்பதை விட்டுவிட்டது. தூங்கிய குழந்தைபோலக் கனத்தது. கனகவல்லி அதைத் தடவிக்கொண்டே தன் நெஞ்சைக் கேட்டாள். இரண்டு துடித்தது, ஒன்றை விழுங்கியது, மூன்றைக் கொட்டியது. கெட்டுப்போன, பழைய, அவளுடைய நெஞ்சு. தெருவில் லூர்தம்மாள் போனில் "இருக்கோம், எல்லாரும் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாட்டு முடிந்தது. கூட்டம் மண்ணை மிதித்து மிதித்து இன்னொன்று கேட்டது. இமெல்டா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, கால் மரத்துப்போச்சு."

"இரு, தேச்சு விடறேன்." கனகவல்லி பாதத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள், விரல் விரலாக இழுத்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு உயிர் வந்தது. வந்ததும் அது லேசாகத் துள்ளியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"விடாம கத்துறாங்களே" என்றாள் கனகவல்லி. "இன்னும் ஒண்ணு அடிக்கணுமா?"

"அடிக்கட்டுமாக்கா? உங்களுக்கு முடியுமா?"

கனகவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சம்மணத்தைச் சரிசெய்து, காலைத் தூக்கி மறுபடி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"அடி. புடிச்சிருக்கேன்."